கமா போடாத முகவரிகள்

பாப்பு, இன்றைக்கு நீ கம்ப்யூட்டரில் எழுதி வைத்த பெர்ல் புரோகிராமில் வினோத் கை வைத்துவிட்டான்.

உன்னோடு அம்பத்தூர் ஆபீசில் வேலை பார்த்தவன்தானே, நான்தான் கூப்பிட்டேன். நம் மசாலா பார்சலில் ஒட்ட அந்தப் புரோகிராம் அச்சடிக்கிற முகவரிச் சீட்டு இன்று கன்னாபின்னாவென்று வந்தது. பின்கோடு வர வேண்டிய இடத்தில் தெருப் பெயர்.

"இன்னா ஆண்ட்டி, அட்ரஸ்ல கமா போட்டீங்களா?"

"கஸ்டமர் அனுப்புனத அப்டியே போட்டுட்டேன்பா. பாப்பு இருந்தா கத்தியிருப்பா."

கத்துவாய்தானே. "யம்மா, கமா வர எடத்துல எல்லாம் புரோகிராம் அட்ரஸ வெட்டி அடுத்த கட்டத்துல போட்டுடும். எத்தினி வாட்டி சொல்றது!" நீ கண்ணை மூடிய பிறகும் அதற்குப் பயந்து, இன்றைக்குத் தவறியதைத் தவிர, நான் கமா போட்டதில்லை.

வினோத் சிரித்தான். "இதுக்குன்னே யாரோ எழுதி வெச்ச ரெடிமேட் புரோகிராம் ஒண்ணு கீது ஆண்ட்டி. அட்ரஸ் உள்ள வர கமாவ அது வெட்டாது. அவ பக்கம் பக்கமா எழுதினது இப்ப நாலு வரிதான். இனிமே எத்தினி கமா வேணா போடுங்க."

"அவ எழுதினத அழிச்சிட்டியா?"

"சே, இன்னா ஆண்ட்டி! அத தனியா பத்திரமா வெச்சிக்கீறேன்."

அவன் போன பிறகு அடுத்த முகவரியை அடிக்க உட்கார்ந்தேன். கதவு எண் அடித்தாயிற்று. கமாவின் மேல் விரல் வைத்தபடி அப்படியே இருக்கிறேன். போட்டால் இந்த வீட்டில் கத்த ஆளில்லை.

இதைப் படிக்கிற நீங்கள் எல்லாரும் போடு என்றுதான் சொல்வீர்கள், தெரியும்.

நீ சொல்லு பாப்பு, போடட்டுமா?