ரங்கம்மா வீட்டு வைஃபை

ரங்கம்மாவின் மகன் முனிவேலுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. அதனால் என்ன? தாயும் மகனும் கையாலேயே ஊர்க்கதை முழுக்கப் பேசுவார்கள். ஆட்காட்டி விரலால் மூக்கோரம் தொட்டால் ‘அம்மா’. அவள் மூக்குத்தி போட்டிருக்கும் இடம் அது. ஐந்து விரலும் குவிந்து வாய்க்குப் போனால் ‘சாப்பிட்டாயா?’ அவன் புனேயில் இரும்புத் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டப் போன பிறகு, அந்தப் பேச்சுக்கு வீடியோ கால் ஒன்றுதான் வழி.

சூளகிரியில் அவளுடைய ஷீட் வீட்டுக்குள் சிக்னல் வருவதே பெரும்பாடு. படம் கலங்கும், நின்றுவிடும். அதிலும் நாலு மாதமாக மகன் சொல்வதில் பாதி புரியவில்லை. “பாழாப்போன நெட்டு, எம்புள்ள பேச்சையெல்லாம் முழுங்குது” என்று போனைத் திட்டித் தீர்ப்பாள்.

ஏழைக் குடும்பங்களுக்கு வீட்டு இணையம், பாதிக் கட்டணத்தை அரசே கட்டும் என்று கேள்விப்பட்டதும் இ-சேவை மையத்துக்கு ஓடினாள். கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை அழிந்த விரலை மெஷின் ஏற்கவில்லை. விடுகிறவளா அவள்! மூன்று முறை லீவு போட்டுப் போய் நின்றாள்.

“ரேகை விழலைன்னா கண்ணை எடு தாயி. நான் எம்புள்ளகிட்ட பேசோணும்” என்று கவுன்டரில் இருந்த சுவாதியிடம் சண்டை பிடித்தாள். கடைசியில் கருவிழியைப் பதிந்துதான் மனு போனது.

வைஃபை பெட்டி வரப்போவதை மகனிடம் அவள் சொல்லவில்லை. பிள்ளை திடீரென்று பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லைன்காரர் ராஜசேகர் வந்து ஒயர் இழுத்து, பெட்டியை மாட்டினார்.

“இப்ப போடுங்கக்கா” என்றார்.

போட்டாள். அடேயப்பா, மகன் சட்டையின் அறுந்த பொத்தான்கூடத் தெரிந்தது! அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. முனிவேல் எப்போதும்போல் வலக்கையைத் தூக்கி மூக்கைத் தொட்டான்.

தொட்டது விரல் இல்லை, மொட்டை முட்டி. ஆட்காட்டி விரலும் இல்லை, பக்கத்து விரலும் இல்லை. புண் ஆறித் தோல்கூட மூடியிருந்தது.

நாலு மாதம் அவள் சபித்த நெட்டு ஒரு பாவமும் செய்யவில்லை. அவள் முகம் மாறியது தெரியாமல், அவன் மிச்ச மூன்று விரலைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனான்.

“படம் கிளியரா இருக்குதாக்கா?” ராஜசேகர் வாசலிலிருந்து கேட்டார்.

“இருக்குது சாமி” என்றாள். சாப்பிட்டேன் என்று மகனுக்குச் சொல்ல அவளுக்குக் கை எழவில்லை.