நடப்பதற்காக லீவு போட்டோம்

மலையில் மூன்று நாள் நடப்பதற்காக நானும் என் கணவரும் கிளம்புகிறோம் என்ற செய்தி விழுப்புரத்தில் எங்கள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. ஊட்டிக்குச் சுற்றுலா என்றிருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். தேசியப் பூங்கா ஒன்றில் பகலெல்லாம் காட்டுப்பாதையில் நடப்பது, சாயங்காலம் விடுதியில் படுப்பது, விடிந்ததும் மறுபடி நடப்பது என்று நான் விளக்கியதும், எதிர்வீட்டு அம்மாள் ஏதாவது வேண்டுதலா என்று மெதுவாக விசாரித்தார். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் குடும்பங்களில் உண்டு. மலை உச்சியில் மாதா கோவில் எதுவும் இல்லை என்று சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வையில் கவலை இருந்தது.

எனக்குத் திண்டிவனத்தில் ஆசிரியை வேலை. தினமும் ரயிலில் போய் ரயிலில் திரும்புகிறவள். கூட வேலை செய்யும் டீச்சர் ஒருவர் அந்த மலைக்குப் போய்வந்து செல்போனில் காட்டிய படங்களைப் பார்த்ததிலிருந்து எனக்கு இந்த ஆசை. என் கணவர் விவசாயி. திருவெண்ணெய்நல்லூர் பக்கம் சொந்த நிலத்தில் கரும்பும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிறார். "நான் டெய்லி வரப்புல நடக்கறேனே, அதுக்கு ஒருத்தனும் ரூம் போட்டுக் குடுக்கல" என்றார். ஆனாலும் வந்தார்.

போகும் முன் பழக்கத்துக்காக நான் காலையில் நடக்க ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் ஒரு பெண்பிள்ளை தனியாகச் சாலையோரம் நடந்தால் பஸ்ஸைத் தவறவிட்டவள் என்று பொருள். முதல் நாளே மூன்று பைக்குகள் நின்றன. இரண்டை அனுப்பிவிட்டேன். மூன்றாவது ஆள் என்னிடம் படித்தவன். "ஏறுங்க டீச்சர், நானும் அந்தப் பக்கம்தான் போய்க்கினு இருக்கேன்" என்று வண்டியை ஆஃப் செய்துவிட்டே நின்றான். ஏறிக்கொண்டேன். பாதிப் பயிற்சி இப்படிப் பின்சீட்டில் முடிந்தது.

பூங்காவில் எங்களுக்கு ஒரு வழிகாட்டி. கோயம்புத்தூரிலிருந்து இரண்டு இளைஞர்களும் எங்களோடு சேர்ந்தார்கள். செருப்போடு காட்டுக்குள் விடமாட்டார்கள் என்பதால் கணவர் மகனுடைய பழைய ஷூவை மாட்டியிருந்தார். கல்யாணத்தன்று போட்டதற்குப் பிறகு அவர் ஷூ போட்டது அன்றைக்குத்தான். ஒற்றையடிப் பாதை. வழிகாட்டி முன்னால், பிறகு அந்த இளைஞர்கள், பிறகு நான். பின்தங்காத ஆள்தான் கடைசியில் வரவேண்டும் என்று வழிகாட்டி என் கணவரைப் பின்னால் நிறுத்தினார்.

முதல் நாள் உச்சியில் பனிமூட்டம். வழிகாட்டி அந்த வெள்ளைக்குள் கைநீட்டி, இங்கே பள்ளத்தாக்கு, அங்கே அணை, அந்தப் பாறையில் வரையாடு நிற்கும் என்று வரிசையாகக் காட்டினார். நாங்கள் ஒவ்வொரு பக்கமும் மரியாதையாகத் திரும்பிப் பார்த்தோம். இளைஞர்கள் பனியைப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள் ஓர் இறக்கத்தில் கணவர் பின்னாலிருந்து என்னை நிற்கச் சொன்னார்.

"உன் இடது காலுக்கு இன்னா?"

ஒன்றுமில்லை என்றேன்.

"ஒண்ணுமில்லன்னா ஏன் இழுத்துக்கினு நடக்கற? நேத்துலேர்ந்து பார்த்துக்கினு வர்றேன்."

முட்டிவலி எனக்கு நாலு வருஷமாக இருந்தது. ரயிலில் நின்றுகொண்டே போய், வகுப்பிலும் நின்று, தைலம் தேய்த்துச் சமாளித்து வந்தேன். அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. கோவிலுக்கோ கல்யாணத்துக்கோ சேர்ந்து போனால் அவர் எப்போதும் பத்தடி முன்னால் போவார். இருபத்திரண்டு வருஷத்தில் அவருடைய பிடரியை நான் மனப்பாடம் செய்திருந்தேன். நான் நடப்பதை அவர் பார்த்ததே இல்லை.

எத்தனை நாளாக என்று கேட்டார். ஆறு மாசம் என்று பொய் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஒரு பாறையில் உட்கார்ந்து, ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"மாடு ஒண்ணு கால் தாங்கி நடந்தாக்கூட, அந்தக் கோடியிலேர்ந்தே எனக்குத் தெரியும்" என்றார்.

என்னை மாட்டோடு சேர்த்துப் பேசியதற்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இளைஞர்கள் இருவரும் ஒரு மரத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மூன்றாம் நாள் நான் விடுதியிலேயே இருந்துவிட்டேன். கூடவே இருக்கிறேன் என்றவரை நான்தான் விரட்டி அனுப்பினேன். அன்றைக்கு வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. நான் ஆசைப்பட்ட பள்ளத்தாக்கு, அணை, வரையாட்டுக் கூட்டம் எல்லாவற்றையும், எதற்கும் ஆசைப்படாத அவர் பார்த்துவிட்டு வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "ஆடுதான். கொம்பு பெருசு" என்றார்.

ஊர் திரும்பியதும் டாக்டரிடம் கூட்டிப்போனார். முட்டி தேய்ந்திருக்கிறது, ரொம்ப நேரம் நிற்கக்கூடாது, படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னார். விழுப்புரத்தை விட்டு வரமாட்டேன் என்று பல வருஷம் சாதித்த கணவர், அடுத்த மாதமே திண்டிவனத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருவில் வீடு பிடித்துவிட்டார். நிலத்துக்குப் போக இப்போது அவர்தான் இரண்டு பஸ் மாறுகிறார். எனக்கு ரயிலே கிடையாது.

வீடு மாடியில் இருக்கிறது. அதை அவர் யோசிக்கவில்லை. கீழ்வீடு காலி இல்லையாம், மேலே நல்ல காற்று வருமாம். பதினெட்டுப் படி. டாக்டரிடம் நாங்கள் இன்னும் சொல்லவில்லை.