கையெழுத்துக்கு வந்த அண்ணன்

எங்கள் மாடியில் குடியிருப்பவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவோம். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டைப் பழுது பார்ப்பவர் அவர்தான். வெளியில் அத்தனை கெட்டிக்காரர், வீட்டில் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

இருவரும் வேறு வேறு மதம். காலையில் அவள் கண்ணை மூடி வேண்டிக்கொள்வாள். இவர் சத்தம் போடாமல் டீ போடுவார். கடவுளை வைத்து அந்த வீட்டில் ஒரு சண்டையும் வந்ததில்லை. வந்ததெல்லாம் துண்டால்தான்.

போன வருஷம் புதுச் சட்டம் வந்தது. மதம் விட்டு மதம் செய்த கல்யாணம் கடவுளுக்கு ஆகாதாம், அதனால் செல்லாதாம். அப்படிப்பட்ட பெண்ணுக்கு அவள் பிறந்த வீட்டு ஆண்தான் பொறுப்பாம். யாருடைய கடவுள், அவரிடம் கேட்டு வந்தது யார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லிஃப்ட்காரர் சிரித்தார். நம் வீட்டுக்குள் எவன் வந்து எட்டிப் பார்க்கப் போகிறான் என்றார்.

யாரும் வரவில்லை. அவள்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று. குடல்வால் வெடித்துவிட்டது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். லிஃப்ட்காரர் கையெழுத்துப் போடப் போனார். உங்கள் கையெழுத்து செல்லாது, அவருடைய அப்பாவோ அண்ணனோ வரட்டும் என்றாள் நர்ஸ். நானே போடுகிறேன் என்று அவள் முனகியதும் எடுபடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. அந்த ஆஸ்பத்திரி லிஃப்டையும் பார்த்துக்கொள்பவர் இவர்தான். டாக்டர் முதல் காவலாளி வரை அத்தனை பேருக்கும் இவரைத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? சட்டத்தை மீறினால் டாக்டருக்கு ஜெயில்.

கல்யாணத்திலிருந்தே பேச்சுவார்த்தை இல்லாத அவள் அண்ணனுக்கு லிஃப்ட்காரரே போன் போட்டார். பக்கத்தில் நான் நின்றேன். காலில் விழாத குறையாக அவர் கெஞ்சினார்.

அண்ணன் ஓடி வந்தார். வந்த வேகத்தில் கையெழுத்துப் போட்டார். தங்கை கண் விழிக்கும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருந்தார். கெட்டவன் என்று திட்டவும் வழியில்லாமல் போயிற்று.

அவள் பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் வாசலில் அண்ணனின் கார் நின்றது. கையெழுத்துப் போட்டவரோடுதான் அனுப்ப முடியும் என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள்.

"மச்சான், தையல் பிரிக்கிற வரைக்குமாவது எங்க வீட்ல இருக்கட்டும்," என்றார் லிஃப்ட்காரர்.

"என்னை அப்படிக் கூப்பிடாதீங்க. கோபத்துல சொல்லல. நாளைக்குக் கடவுள் கேட்டா நான்தான பதில் சொல்லணும்?"

"எங்க ரெண்டு பேருக்கும் நீங்க ஏங்க பதில் சொல்லணும்?"

அண்ணன் கார் கதவைத் திறந்தார். பிடித்த கையை எடுக்கவே இல்லை.

நான் வரமாட்டேன் என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். அதைக் காதில் வாங்காமல் காவலாளி சக்கர நாற்காலியைத் தள்ளினான். காரில் உட்கார வைத்ததும் அவள் கண்ணாடியை இறக்கச் சொல்லி, லிஃப்ட்காரரைக் கூப்பிட்டாள்.

"அண்ணனுக்கு யாருங்க சொன்னது?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நான்தான்மா," என்றார்.