மாடியறையின் உரிமைக்காரி

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளை எல்லாரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். போர்வையோ விரிப்போ, அவள் கைபட்டால் ஓரத்தோடு ஓரம் ஒட்டிக்கொள்ளும். பிழைக்க வந்த தேசத்தில் இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் படுத்த துணியை மடித்தபிறகு, சொந்தமாக ஒரு வீடு வாங்கலாம் என்று அவளுக்கும் பஸ் ஓட்டும் அவள் கணவருக்கும் தைரியம் வந்தது. ஆனால் அது கடையில் கத்தரிக்காய் வாங்குகிற காரியமாக இல்லை. வெளிநாட்டுக்காரர் பேரில் மனை எழுத அரசாங்க அனுமதி வேண்டும். அந்த ஒரு காகிதம் வரவே பதினாலு மாசம் ஆனது.

பத்திரத்தை வரி விடாமல் உரக்கப் படித்த பிறகே கையெழுத்து என்பது அந்த ஊர்ச் சட்டம். நோட்டரி படிக்கப் படிக்க, பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். பதினோராவது ஷரத்து வந்ததும் அவர் குரல் வேகமெடுத்தது.

"மாடியில பின்பக்க ரூம்ல, விக்கிறவரோட அத்தைக்கு ஆயுசு முழுக்கக் குடியிருக்கிற உரிமை. பதிவாகியிருக்கு. வீடு யார் கைக்குப் போனாலும் அது போகாது."

"அவங்க எங்க இருக்காங்க?" என்று கேட்டாள் மடிப்பக்கா.

விற்றவர் உதட்டைப் பிதுக்கினார். "வீட்ல சண்டை போட்டுட்டு அம்பத்தெட்டு வயசுல யாரையோ கட்டிக்கிட்டுப் போனாங்களாம். பதினாலு வருஷமா தகவலே இல்லையாம்," என்றார் மொழிபெயர்ப்பாளர். "சும்மா பேருக்குத்தான்மா."

வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழியை உடைக்க யாருக்கு மனசு வரும்? இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

குடிவந்த பிறகுதான் அந்த ஷரத்தின் கனம் தெரிந்தது. அந்த அறையை அவர்கள் பூட்டிவைக்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது. உள்ளே இருந்த கட்டிலும், அலமாரியில் தொங்கிய மூன்று கோட்டுகளும், வாசலைப் பார்த்தபடி வைத்திருந்த ஒரு ஜோடிச் செருப்பும் அத்தைக்குச் சொந்தம். மகள் கூடத்துச் சோபாவில் படுத்துக்கொண்டு நர்சிங் படித்தாள்.

"நல்ல குடித்தனம். சத்தமும் கிடையாது, சண்டையும் கிடையாது," என்று கணவர் கிண்டலடித்தார்.

மடிப்பக்காவால் சிரிக்க முடியவில்லை. வாரம் ஒருமுறை மேலே போய்த் தூசி தட்டி, விரிப்பை மாற்றிவிட்டு வந்தாள். யாராவது திடீரென்று வந்து நின்றால் அழுக்குக் கட்டிலையா காட்டுவது? ஆள் படுத்த விரிப்புக்கும் படுக்காததற்கும் அவளுக்குத் தெரியாத வித்தியாசம் கிடையாது. ஒரு வாரம், ஓரம் மடங்காமல் இருந்த விரிப்பின் நடுவில் மட்டும் சுருக்கம் இருந்தது. முழங்கால் மடக்கி ஒருக்களித்துப் படுத்தவரின் சுருக்கம். மகளைக் கேட்டாள்.

"நான் எதுக்கும்மா அங்க போறேன்? எனக்கே அந்தப் பக்கம் போனா ஒரு மாதிரி இருக்கு."

அதற்குப் பிறகு அவள் அந்த அறைக்குள் முதுகைக் காட்டி நின்றதில்லை. வேலைக்குக் கிளம்பும்போது மாடிப்படியைப் பார்த்து, "போயிட்டு வரேன்" என்று வாய் தானாகச் சொன்னது.

இப்படியே ஆறு வருஷம் ஓடியது. கடைசியில் கணவர் வக்கீலைப் பார்த்தார். மகள் தமிழில் எடுத்துச் சொன்னாள்: "பத்து வருஷத்துக்கு மேல தகவல் இல்லாதவங்களை இறந்ததா அறிவிக்கச் சொல்லி மனு போடலாமாம். கோர்ட்டு பேப்பர்ல விளம்பரம் கொடுக்கும். ஆறு மாசத்துல யாரும் வரலன்னா உரிமை ரத்து. நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்."

மனுவின் முதல் வரி, 'மேற்படியார் இருக்குமிடம் தெரியவில்லை.' மடிப்பக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

அந்த வரியை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். அம்மா இறந்தபின் பிறந்த வீட்டை எழுதிக்கொள்ள அண்ணன்மார் கொடுத்த வாரிசு மனுவில், அவள் பேருக்கு எதிரே அதுதான் இருந்தது. மாசம் தவறாமல் அவள் போனில் பேசிக்கொண்டிருந்த காலம் அது. கேட்டதற்கு, "நீ திரும்பி வரவா போறேன்னு நெனச்சோம்," என்று சின்னண்ணன் சொன்னான்.

"ஏங்க, உயிரோட இருந்தாங்கன்னா?"

"இருந்தா வந்து சொல்லட்டுமே. அதுக்குத்தானே விளம்பரம்?"

நியாயமான பேச்சுதான். அவளும் கையெழுத்திட்டாள்.

ஐந்தாவது மாசம் வக்கீல் வழியாக ஒரு கடிதம் வந்தது. மூன்று மணி நேரப் பயணத்தில் இருந்த ஒரு முதியோர் இல்லத்தின் எழுத்தர் எழுதியிருந்தார். விளம்பரத்தில் கண்ட பிறந்த தேதியைப் பழைய பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தாராம். அத்தை அங்கே புருஷன் பேரில் இருந்திருக்கிறாள். இறந்து ஐந்து வருஷம் ஆகிறது. இறப்புச் சான்றிதழையும் இணைத்திருந்தார்.

மகள் கடிதத்தைத் தொடர்ந்து படித்தாள். "'எனக்கு ஒரு ரூம் இருக்கு, கொண்டுபோய் விடுங்க'ன்னு கடைசி நாள்ல சொல்லிக்கிட்டே இருந்தாங்களாம். புத்தி தடுமாறிப் பேசறாங்கன்னு இவங்க நெனச்சிருக்காங்க. இருந்தும் அவங்க சொன்ன நம்பருக்கு ஒரு தடவை போன் பண்ணாங்களாம்..."

நிறுத்திவிட்டாள்.

"படி."

"ஒரு பொம்பளை எடுத்து, தப்பான நம்பர்னு வச்சுட்டாங்களாம்."

வீட்டோடு சேர்ந்து, நம்பர்கூட மாறாமல் வந்த பழைய போன் கூடத்து மேசையில் இருந்தது. குடிவந்த புதிதில் பகல் நேரத்தில் அதை எடுத்தது அவள் ஒருத்திதான். புரியாத குரல் எது வந்தாலும் அந்த ஊர் மொழியில் அவள் பழகிவைத்திருந்த பதில் 'தப்பான நம்பர்' ஒன்றுதான். எத்தனை பேருக்குச் சொன்னாள்? அதில் எது அந்த அழைப்பு? மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டும் நினைவுக்கு வரவில்லை.

"வேற பேரைச் சொல்லிக் கேட்டிருப்பாங்க. தெரிஞ்சா செஞ்சே?" என்றார் கணவர். சொல்லிவிட்டு, அவளை நேராகப் பார்க்காமல் பஸ் டிப்போவுக்குக் கிளம்பினார்.

பதிவு அலுவலகத்தில் உரிமையை நீக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சான்றிதழைப் பார்த்த குமாஸ்தா, பதினோராவது ஷரத்தின் மேல் ஒரு முத்திரை குத்தி, "இனி முழு வீடும் உங்களுடையது," என்று கைகுலுக்கினாள். மகள் மாடியறைக்குப் போய்விட்டாள். நன்றாகவே தூங்குகிறாள்.

மடிப்பக்கா மட்டும் மேலே ஏறுவதில்லை. போன் அடித்தால் ஈரக் கையோடு ஓடுகிறாள். போன வாரம் இன்ஷூரன்ஸ் விற்கும் ஒருத்தி மாட்டிக்கொண்டாள். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டு, யார் வேண்டும், பேர் என்ன, கல்யாணத்துக்கு முன்னால் என்ன பேர் என்று தனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில் விசாரித்து, எழுத்துக் கூட்டச் சொல்லிக் குறித்துக்கொண்டாள்.

"அம்மா, அது சும்மா விக்கிறவங்க. வச்சிடும்மா," என்றாள் மகள்.

"இரு," என்று போனின் வாயைப் பொத்தியபடி அவள் கையைக் காட்டினாள். "இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க."