கணவனில்லாத மிஸஸ் ஹெப்பிள்

கதைகளில் இவளைப் போன்றவர்களுக்கு இரண்டு வரிதான் கிடைக்கும். கதவைத் திறப்பாள், "ஐயா உள்ளே இருக்கிறார்" என்பாள், போய்விடுவாள். அப்புறம் அவள் இருந்தாளா செத்தாளா என்று எழுதியவருக்கே அக்கறை கிடையாது. எனக்கு அதில் தீராத எரிச்சல்.

தர்ஸா ஹெப்பிள் யார்க்‌ஷயரில் ஒரு சீமாட்டியின் மாளிகையை நிர்வகித்தவள். பதினொரு வேலைக்காரிகள் அவளுக்குக் கீழே. கல்யாணம் ஆகாதவள்தான், ஆனாலும் எல்லோருக்கும் அவள் "மிஸஸ் ஹெப்பிள்". பெரிய வீடுகளில் அந்தப் பதவிக்கு வருகிறவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள், மரியாதையாம்!

மார்ச்சில் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. பத்தொன்பது வருஷத்துக்கு முன் கனடா போன ஜோப் ரெனிசன், அவள் வேலை செய்யும் இடத்தை மட்டும் எப்படியோ விசாரித்து எழுதியிருந்தான். "வெள்ளிக்கிழமை மத்தியானம் வரேன். மறுநாள் லிவர்பூல்ல கப்பல். நீ இன்னும் தனியா இருந்தா எங்கூட வந்துடு. யாரையாச்சும் கட்டிக்கிட்டிருந்தா, தொந்தரவு பண்ணாம வந்த வழியே போயிடுறேன்."

அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. வேலைக்காரியைத் தேடி ஆண்பிள்ளை வந்தால் அன்றைக்கே சீட்டு கிழிந்துவிடும். அந்தக் குற்றத்துக்காக இரண்டு பெண்களை அவளே வெளியே அனுப்பியிருக்கிறாள். மத்தியானம் பின்வாசலில் தானே நின்றுகொண்டால் போதும் என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குச் சீமாட்டி மாடிக்குக் கூப்பிட்டாள். மறுநாள் பிஷப் வருகிறார், படுக்கை விரிப்புகளை எண்ண வேண்டும். எண்ணி முடியவில்லை, மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. ஜன்னல் வழியே பார்த்தால், எல்ம் மரங்களுக்கு நடுவே ஒருவன் வீட்டுக்கு முதுகைக் காட்டி வெளிவாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தான். இடது தோளைச் சாய்த்து நடக்கிற அந்த நடை அவளுக்குத் தெரியாதா?

"அம்மா, ஒரே ஒரு நிமிஷம் கீழ போயிட்டு..."

"இப்பவா? எண்ணிக்கை தப்பிப்போச்சு பாருங்க. முதல்லேர்ந்து எண்ணுங்க."

ஓடியிருக்கலாமே என்பீர்கள். சொல்வது சுலபம். பதினெட்டு வருஷமாக "ஆகட்டும் அம்மா" என்றே பழகிய நாக்கு அன்றைக்கும் அதையேதான் சொன்னது. கை விரிப்பை மடித்தது, கண் ஜன்னலை விட்டு நகரவில்லை.

கீழே வந்ததும், பாத்திரம் கழுவும் லெட்டி ஓடிவந்தாள்.

"ஒரு ஆளு வந்திருந்தாரு. 'மிஸ் ஹெப்பிள் இருக்காங்களா'ன்னு கேட்டாரு. நான் விடுவேனா? 'மிஸ்ஸாவது கிஸ்ஸாவது! மிஸஸ் ஹெப்பிள்தான் இருக்காங்க'ன்னு நல்லா உறைக்கிற மாதிரி சொன்னேன்."

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

"'அந்த நெட் பயலைத்தான் கட்டிக்கிட்டாளா'ன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. தொப்பியைக் கழட்டித் தலையைக் குனிஞ்சுட்டுப் போயிட்டாரு."

நெட் ஹெப்பிள் அவள் சித்தப்பா மகன், அங்கே அது கட்டிக்கிற முறைதான்; ஒரு காலத்தில் அவளையே சுற்றிச் சுற்றி வந்தவன், அவனைக் கட்டியிருந்தால்தான் அவள் மிஸஸ் ஹெப்பிள். பண்ணையில் வளர்ந்த ஜோபுக்குப் பெரிய வீட்டு வழக்கம் என்ன தெரியும்? எழுதலாம் என்றால் கடிதத்தில் விலாசமும் இல்லை, கப்பல் பெயரும் இல்லை.

அவளுக்கு, எனக்குக் கல்யாணமே ஆகவில்லையடி என்று கத்த வேண்டும்போல் இருந்தது. சுற்றிலும் வேலைக்காரிகள் வேலையை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரு அவரு, மிஸஸ் ஹெப்பிள்? உங்க சொந்தக்காரரா?"

"தெரியாது," என்றாள். "வீடு மாறி வந்திருப்பான்."