பாய்லர் அறைக்குள் செருப்பு

மூன்று வருடங்களுக்கு முன், பள்ளிபாளையம் பக்கம் ஒரு சைசிங் ஆலையில் நடந்தது.

அனுபவசாலிகளிடம் கேட்டுக் கேட்டு, அவர்களுக்குத் தெரிந்ததை விதிகளாகக் கணினியில் ஏற்றுவது என் வேலை. பிறகு அவர்கள் இல்லாத நாளிலும் கணினி யோசனை சொல்லும். நூலுக்குக் கஞ்சி போட நீராவி தரும் பாய்லரை அங்கே பார்த்துக்கொண்டவர் என் வயதுக்காரர். ஒரு வாரம் அவரைக் கேள்வியாகவே துளைத்தேன். பாய்லர் அறைக்குள் அவர் செருப்பே போடமாட்டார்.

"பாய்லரைச் சாமியா நினைக்கிறீங்களா?" என்றேன்.

"ஆமாங்க மேடம்" என்று சிரித்தார்.

சரி, பக்தி என்று அதை மட்டும் எழுதாமல் விட்டேன். பெரிய புத்திசாலி நான்!

மகளின் காதுகுத்துக்கு அவர் லீவு போட்டார். கணினியை நம்பி ஒரு புது ஆளை நிறுத்தினோம். பம்பு ஓடுகிறது, தண்ணீர் பாதிக்கு மேல் இருக்கிறது என்று திரையில் எல்லாமே பச்சை. ஆனாலும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்காருவதும் எழுவதுமாக மூன்று டீ குடித்தாயிற்று.

பதினோரு மணிக்கு அவரே போன் செய்தார். பின்னால் மேளச் சத்தம். அவருக்கும் அங்கே மனசு ஒட்டவில்லை போலும்.

"ஏனுங்க மேடம், பம்புகிட்ட வெறுங்கால்ல நின்னு பாருங்க. தரை தடதடன்னு அதிருதுங்களா?"

நின்றேன். மெல்லிய ரீங்காரம்தான். குனிந்து பார்த்தால் மோட்டார் மட்டும் சுற்றுகிறது. பம்பு அசையவே இல்லை! அளவு காட்டும் குழாய் அடைத்துக்கொண்டு பழைய அளவையே காட்டியிருக்கிறது. உள்ளே தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. பார்த்ததைப் போனில் அவரிடம் சொன்னேன்.

"ஐயையோ! ஃபேன நிறுத்திட்டு எல்லாரும் வெளிய ஓடுங்க. காஞ்ச பாய்லர்ல தண்ணி மட்டும் உட்றாதீங்க, வெடிச்சுரும்!"

புது ஆள் அடுப்புக்குக் காற்று ஊதும் ஃபேனை நிறுத்திவிட்டு என் பின்னாலேயே ஓடிவந்தார். வேப்பமரத்தடியில் நின்று இருவரும் பாய்லர் அறையையே பார்த்துக்கொண்டிருந்தோம். நல்லவேளை, வெடிக்கவில்லை.

மறுநாள் கோபமும் அழுகையுமாகக் கேட்டேன், இதை ஏன் சொல்லவில்லை என்று.

"எதுக்குன்னு நீங்க கேக்கலீங்களே. சாமியான்னு கேட்டீங்க, ஆமான்னேன்."

என் கேள்விக்குள்ளேயே பதிலை வைத்து நீட்டியிருக்கிறேன்; அவர் மரியாதைக்குத் தலையாட்டியிருக்கிறார். இன்றும் எந்த ஆலைக்குப் போனாலும், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் முதல் கேள்வியைக் கேட்கிறேன்.