வெளிச்சத்தில் படித்த பேய் நாவல்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கும் அவர் சகலைக்கும் வருடக் கடைசியில் ஒரு சண்டை நிச்சயம். அந்த வருடம் படித்ததில் எது சிறந்தது? ஊரே தலையில் தூக்கிவைத்து ஆடும் பேய் நாவலோடுதான் சகலை வருவார்.

“படிக்கிற எனக்கே கொட்டாவி வருது. அந்தப் பேய்க்கு வராதா?” என்பார் கடைக்காரர்.

“கடை வெளிச்சத்துல உக்காந்து படிச்சா எப்படிண்ணே பயம் வரும்?” என்று சகலை எகிறுவார். மனைவிமார் இருவரும் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

சகலை இறந்த வருடம், அவர் மகள் புதுப் பேய் நாவல் ஒன்றை மேசைமேல் போட்டாள். “எல்லாரும் ஓஹோங்கறாங்க. உப்புச்சப்பே இல்ல, பெரியப்பா.”

கடைக்காரரின் எண்ணமும் அதுதான். ஆனாலும், “வெளிச்சத்துல உக்காந்து படிச்சா எப்படி பயம் வரும்?” என்று எகிறினார்.

காதைப் பொத்தப்போன அவர் மனைவி, கையை இறக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.